வரி விலக்கு என்றால் எந்த வரிக்கு விலக்கு?

"இந்த முதலீட்டுக்கு வரி கிடையாது" என்று யாராவது சொன்னால், "எந்த வரி கிடையாது?" என்று நாம் உடனே கேட்க வேண்டும். இந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவின் முனிசிபல் பொண்ட் நிதியங்கள் நல்ல உதாரணம். நியூயோர்க் நகரின் ஸ்டேட்டன் ஐலண்ட் பகுதியில் இலங்கையர் கணிசமாக வாழ்கிறார்கள். பிள்ளையோ, மருமகனோ, சகோதரனோ அமெரிக்காவில் இருக்கும் வாசகர்கள் இந்தக் கட்டுரையை அவர்களுக்கும் காட்டலாம்.

முதலில் ஒரு விடயம். பொண்ட் நிதியம் தருவது அடிப்படையில் வட்டி வருமானம். அதன் மார்க்க நிலைப்பாட்டை உலமாக்களிடம் கேட்டறிந்து கொள்ளுங்கள். வரிப் பத்திரத்தில் அதை எப்படிக் காட்டுவது என்பதை மாத்திரமே இங்கு பார்க்கிறோம்.

இரண்டு அரசாங்கம், இரண்டு வரி

அமெரிக்காவில் வருமான வரி வாங்குவது ஒரே அரசாங்கம் அல்ல. வொஷிங்டனில் உள்ள சமஷ்டி அரசாங்கம் ஒரு வரி வாங்குகிறது. பெரும்பாலான மாநிலங்கள் தனியாக இன்னொரு வரி வாங்குகின்றன. நியூயோர்க் நகரம் போன்ற சில இடங்களில் நகர வரியும் உண்டு. புளோரிடா, டெக்சாஸ் போன்ற சில மாநிலங்களில் மாத்திரம் தனிநபர் வருமான வரி இல்லை. அங்கே வசிப்பவர்களுக்கு இந்தத் தலையிடியும் இல்லை.

மாநில அரசுகளும் நகர சபைகளும் பாடசாலை கட்டவும், வீதி போடவும், குடிநீர்த் திட்டங்களுக்கும் முறிகளை விற்றுக் கடன் வாங்குகின்றன. இவைதான் முனிசிபல் பொண்ட். பொதுவாக இவற்றின் வட்டிக்கு சமஷ்டி வருமான வரி கிடையாது. பல முறிகளை ஒன்றாக வாங்கி வைத்திருக்கும் நிதியம், நமது யூனிட் டிரஸ்ட் போல, அந்த வருமானத்தைப் பங்கிலாபமாகப் பிரித்துக் கொடுக்கிறது. நிதியத்தின் சொத்தில் குறைந்தது பாதி இத்தகைய முறிகளில் இருந்தால், சமஷ்டி வரி விலக்கு முதலீட்டாளரின் கை வரை வந்து சேரும்.

ஆனால் மாநிலத்தின் கணக்கு வேறு. பெரும்பாலான மாநிலங்கள் தமது சொந்த முறிக்கு வரி கேட்பதில்லை, வெளி மாநில முறிக்குக் கேட்கின்றன. இது நியாயமா என்ற வழக்கு கென்டக்கி மாநிலத்திலிருந்து அமெரிக்க உயர் நீதிமன்றம் வரை போனது. மாநிலங்கள் இப்படி வேறுபாடு காட்டலாம் என்று 2008இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இல்லினோய், விஸ்கொன்சின் போன்ற சில மாநிலங்கள் தமது சொந்த முறிகளில் பலவற்றுக்கும் வரி விதிக்கின்றன. போட்டோ ரிக்கோ, குவாம் முதலிய அமெரிக்க ஆட்புலங்களின் முறிகளுக்கோ எந்த மாநிலமும் வரி விதிக்க முடியாது.

தவறு எங்கே நடக்கிறது?

வருட முடிவில் நிதியம் 1099-டிஐவி என்ற படிவத்தை அனுப்பும். அதன் 12ஆம் கட்டத்தில் வரி விலக்குப் பெற்ற பங்கிலாபம் முழுத் தொகையாக இருக்கும். அந்தத் தொகையை சமஷ்டி விபரத்திரட்டான 1040 படிவத்தின் 2ஏ வரியில் எழுத வேண்டும். அது தகவலுக்காக எழுதப்படுவது. வருமானத்தோடு கூட்டப்படுவதில்லை.

நியூயோர்க் போன்ற மாநிலங்களின் விபரத்திரட்டு, சமஷ்டி விபரத்திரட்டில் வந்த வருமானத் தொகையிலிருந்துதான் ஆரம்பிக்கிறது. அங்கே கூட்டப்படாத பங்கிலாபம் இங்கேயும் தானாக வராது. வெளி மாநிலப் பகுதியை வரி செலுத்துபவரே கணக்கிட்டுக் கூட்ட வேண்டும். நியூயோர்க்கின் ஐடி-201 படிவத்தில் 20ஆம் வரி இதற்கென்றே இருக்கிறது. கலிபோர்னியாவில் ஷெடியூல் சிஏ என்ற இணைப்பில் கூட்ட வேண்டும்.

எவ்வளவு கூட்டுவது? 12ஆம் கட்டத்தில் மாநில வாரியான பிரிப்பு இல்லை. அதை நிதிய நிறுவனம் வருட ஆரம்பத்தில் தனி அட்டவணையாக வெளியிடும். எந்த மாநிலத்திலிருந்து எத்தனை சதவீத வருமானம் வந்தது என்பது அதில் இருக்கும்.

ஒரு கணக்கு

ஸ்டேட்டன் ஐலண்டில் வசிக்கும் ஒருவருக்கு 3,000 டொலர் பங்கிலாபம் வந்தது என்று வைப்போம். அட்டவணையில் நியூயோர்க் 12 சதவீதம், அமெரிக்க ஆட்புலங்கள் 3 சதவீதம். ஆக 15 சதவீதம், அதாவது 450 டொலருக்கு மாநில வரி இல்லை. மீதி 2,550 டொலரை 20ஆம் வரியில் கூட்ட வேண்டும்.

மாநிலத்துக்கும் நகரத்துக்குமாக 9 சதவீத வரி என்று கொண்டால், வரி 229 டொலர் 50 சதம். "வரி விலக்கு" என்ற சொல்லை நம்பி அந்த வரியை வெறுமையாக விட்டவர் இந்தத் தொகையைக் குறைத்துக் கட்டியவராகிறார். சமஷ்டி வரித் தகவல்கள் மாநிலத்துக்கும் கிடைப்பதால் பின்னொரு நாள் கடிதம் வரலாம். அப்போது வரியோடு வட்டியும், சில வேளை தண்டமும் சேரும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அட்டவணையைத் தேடச் சோம்பல்பட்டு, கணினி மென்பொருளில் "பல மாநிலங்கள்" என்று மாத்திரம் தெரிவு செய்தால் 3,000 டொலர் முழுவதும் வரிக்குள் போய்விடும். 40 டொலர் 50 சதம் வீணாகும். சிறு தொகைதான். ஆனால் பத்து வருடம் சேர்ந்தால் 405 டொலர்.

மாநிலத்துக்கு மாநிலம் மாறும்

நியூயோர்க்கில் சதவீதம் சிறிதானாலும் அந்த அளவுக்கு விலக்கு உண்டு. கலிபோர்னியாவில் அப்படியல்ல. ஒவ்வொரு காலாண்டு முடிவிலும் நிதியத்தின் சொத்தில் குறைந்தது 50 சதவீதம் கலிபோர்னியா வரி விலக்குள்ள முறிகளில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பங்கிலாபம் முழுவதற்கும் மாநில வரி. நியூஜேர்சியில் இந்த எல்லை 80 சதவீதம். மினசோட்டாவில் வரி விலக்குப் பங்கிலாபத்தில் குறைந்தது 95 சதவீதம் மினசோட்டாவிலிருந்தே வந்திருக்க வேண்டும். எனவே நியூயோர்க்கிலிருந்து நியூஜேர்சிக்கு வீடு மாறியவர் பழைய முறையிலேயே கணக்குப் போட்டால் பிழைத்துவிடும்.

அமெரிக்கத் திறைசேரி முறிகளில் நிலைமை நேர் எதிர். அவற்றின் வட்டிக்கு சமஷ்டி வரி உண்டு, மாநில வருமான வரி இல்லை. இரண்டையும் குழப்பிக் கொள்ளக் கூடாது.

கவனிக்க வேண்டியவை

1. ஒவ்வொரு நிதியத்துக்கும் தனித்தனி அட்டவணை எடுங்கள். கடந்த வருடச் சதவீதத்தைப் பாவிக்க வேண்டாம். அது வருடா வருடம் மாறும்.

2. நிதியம் வைத்திருக்கும் முறிகளின் பட்டியலைப் பார்த்துச் சதவீதம் போட வேண்டாம். தேவை வருமானத்தின் சதவீதம்.

3. பங்கிலாபத்தைக் கையில் எடுக்காமல் திரும்ப முதலிட்டாலும் கணக்கில் காட்ட வேண்டும்.

4. விலக்கு வட்டி வருமானத்துக்கு மட்டுமே. நிதியம் பகிரும் மூலதன இலாபமும், அலகை விற்று வரும் இலாபமும் சமஷ்டி வரிக்கு உட்பட்டவை.

5. ஓய்வு பெற்ற பெற்றோர் அங்கிருந்தால் இன்னொன்று. அவர்களது சமூகப் பாதுகாப்புக் கொடுப்பனவில் எவ்வளவுக்கு வரி என்று பார்க்கும்போது இந்த வரியில்லா வருமானமும் கணக்கில் சேர்க்கப்படும்.

6. அட்டவணையை அச்சிட்டு விபரத்திரட்டின் பிரதியோடு பைலில் வையுங்கள். கடிதம் வந்தால் காட்டுவதற்கு அந்த ஒரு தாளே போதும். தொகை பெரிதானால் அந்த மாநிலத்தின் சட்டம் தெரிந்த கணக்காளரிடம் கொடுப்பதே சிக்கனம்.

விலக்கு அளித்தவர் யார், எந்த வரிக்கு அளித்தார், அதற்கு எழுத்தில் என்ன இருக்கிறது? வரி இல்லை என்று சொல்லிக்கொண்டு எவர் எதை விற்க வந்தாலும் இந்த மூன்றையும் கேளுங்கள். ஓர் அரசாங்கம் விட்டுக்கொடுத்த வரியை இன்னோர் அரசாங்கம் கேட்கலாம். விற்றவர் அப்போது வந்து நிற்கமாட்டார். விபரத்திரட்டில் கையொப்பம் இட்டவர்தான் பதில் சொல்ல வேண்டும்.