தண்ணீர் குடிக்கச் சொல்கிறோம், ஒதுங்க இடம்?

நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையில் கரும்புச் சாற்றைச் சுண்டக் காய்ச்சுவார்கள். நீர் வற்ற வற்ற, கரைந்திருந்த சர்க்கரை மணிமணியாகத் திரளும். கடலூர் வெயிலில் நாள் முழுக்க நிற்பவரின் சிறுநீரகத்திலும் ஏறக்குறைய இதே கதைதான். நீரெல்லாம் வியர்வையாகப் போய்விட, சிறுநீர் அடர்த்தியாகிறது. அதிலுள்ள கால்சியமும் ஆக்சலேட்டும் சேர்ந்து படிகமாகின்றன. சிறுநீரகக் கற்களில் பெரும்பாலானவை இந்த வகை.

நீரைக் கூட்டினால் கல் குறையுமா? இத்தாலியின் பார்மாவில் லோரிஸ் போர்கி குழுவினர் முதல்முறை கல் வந்த 199 பேரை 5 ஆண்டுகள் கவனித்தார்கள். தினமும் 2 லிட்டருக்கு மேல் சிறுநீர் கழியும்படி தண்ணீர் குடித்த 99 பேரில் 12 பேருக்கு மறுபடி கல் வந்தது. வழக்கம்போல் இருந்த 100 பேரில் 27 பேருக்கு. 1996இல் வெளியான முடிவு இது. ஆக, கணக்கு வைக்க வேண்டியது வெளியே போவதற்கு. ஏசி அறைக்காரருக்கு இரண்டரை லிட்டர் தண்ணீர் போதலாம். பண்ருட்டி முந்திரித் தோப்பில் சித்திரை வெயிலில் கொட்டை பொறுக்குபவருக்கு எந்த மூலைக்கு? சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் சரி. இரவில்தான் அது அதிகம் அடர்த்தியாகும் என்பதால் படுக்கும் முன்பும் ஒரு டம்ளர் குடிக்கலாம். இதய நோயாளிகளும் சிறுநீரகம் பழுதானவர்களும் மட்டும் டாக்டர் சொன்ன அளவைத் தாண்டக் கூடாது.

கருவாடு, ஊறுகாய் பிரியர்களுக்கு ஒரு வார்த்தை: உப்பு கூடினால் சிறுநீரில் கால்சியமும் கூடும். பால், தயிரை நிறுத்த வேண்டியதில்லை. அதே போர்கி குழு 2002இல் காட்டியது அதைத்தான். வாழைத்தண்டுச் சாற்றில் கல் கரைந்ததாகச் சொல்லும் ஒருவராவது சிதம்பரத்தில் தெருவுக்குத் தெரு இருப்பார். சிறு கற்கள் தாமாகவே வெளியேறுவதும் உண்டு. பெயர் தண்டுக்குப் போய்விடுகிறது! வலியோடு குளிர்காய்ச்சலும் வந்தால் சாறு பிழிந்துகொண்டிருக்காமல் அண்ணாமலை நகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடத்துக்கு உடனே போய்விட வேண்டும்.

இவ்வளவும் தெரிந்தும் குடிக்காதவர்கள் உண்டு. காட்டுமன்னார்கோவில் பக்கம் நடவு வயலின் வரப்பில் எவர்சில்வர் தூக்கு நிறையத் தண்ணீர் இருக்கும். மதியம் வரை பாதிகூடக் குறையாது. கண்ணுக்கெட்டிய தூரம் வயல். பெண்கள் எங்கே ஒதுங்குவார்கள்? "குடிச்சா எங்கக்கா போறது?" என்ற கேள்விக்கு எந்த மருத்துவக் குறிப்பிலும் பதில் இல்லை. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் வித்யா வேணுகோபால் குழுவினர், வெப்பத்தில் வேலை செய்யும் தமிழகப் பெண்களை ஆராய்ந்து 2016இல் எழுதியதும் இதையே: கழிவறை இல்லாத இடத்தில் தண்ணீரைத் தவிர்க்கிறார்கள், சிறுநீரை அடக்குகிறார்கள். அதே குழு தென்னிந்திய உருக்காலைத் தொழிலாளர்களிடம் வெப்பத்துக்கும் சிறுநீரகக் கல்லுக்கும் உள்ள தொடர்பையும் ஆராய்ந்திருக்கிறது.

பள்ளிகளில் தண்ணீர் குடிக்க மணி அடிக்கும் வழக்கத்தைக் கேரளம் 2019இல் தொடங்கியது. நல்ல ஏற்பாடுதான்; கழிவறை பூட்டிக் கிடந்தால் மணியால் பயனில்லை. 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம் வேலைத்தளத்தில் குடிநீர், நிழல், முதலுதவிப் பெட்டி வேண்டும் என்று பட்டியலிட்டது. கழிவறை அந்தப் பட்டியலில் இல்லை. அடுத்த கிராம சபையில் அதையும் கேளுங்கள்.