இரும்புச் சக்கரமும் தார்ச்சாலையும்

காவிரி நீர், கொள்ளிடத்தின் குறுக்கே நிற்கும் கீழணையிலிருந்து வடவாற்றின் வழியே வீராணம் ஏரியை அடைகின்றது. அங்கிருந்து பல வாய்க்கால்களாகப் பிரிந்து காட்டுமன்னார்கோயில், சிதம்பரம் வட்டங்களின் வயல்களுக்குப் பாய்கின்றது. கடைமடை நிலங்களுக்கு நீர் வந்து சேர்வது பெரும்பாலும் தாமதமாகவே. அதன் பின்னாலேயே வடகிழக்குப் பருவமழையும் வந்துவிடும். ஆதலால் நிலத்தைச் சேறாக்கி நாற்று நடுவதற்கு உழவனுக்குக் கிடைக்கும் நாட்கள் மிகச் சிலவே. ஏரும் எருதும் பல நாள் செய்த தொளி உழவை டிராக்டர் சில மணி நேரத்தில் முடித்துவிடுகின்றது.

ஆனால், டிராக்டரின் ரப்பர்ச் சக்கரம் சேற்றுக்கு ஏற்றதன்று. இப்பகுதியின் களிமண் நீரில் ஊறியதும் பசைபோல் ஒட்டும் இயல்புடையது. ரப்பரின் மேலுள்ள மேடுபள்ளங்களை அது நொடியில் நிரப்பிவிடும். பின்னர்ச் சக்கரம் வழவழப்பான உருளை போலாகி, நின்ற இடத்திலேயே சுழலும். சுழலச் சுழலப் புதையும். புதைந்த டிராக்டரை மீட்க மற்றொரு டிராக்டர் வரவேண்டும். அதுவும் புதைந்துவிட்டால் அன்றைய வேலை அம்மட்டே!

இத்தொல்லையை நீக்க வந்ததே கூண்டுச் சக்கரம். ‘கேஜ் வீல்’ என்றே இதனைச் சிற்றூர்களில் வழங்குவர். இரும்பு வளையங்களின் குறுக்கே இரும்புப் பட்டைகளை வரிசையாகப் பற்றவைத்து இதனைச் செய்கின்றனர். ரப்பர்ச் சக்கரத்தின் வெளிப்புறத்தில் இணைப்பதும் உண்டு. அதனைக் கழற்றிவிட்டு அவ்விடத்தில் மாட்டுவதும் உண்டு. பட்டைகளின் இடைவெளி வழியே சேறு வழிந்து விழுந்துவிடுவதால் பிடிப்பு குறைவதில்லை. அகலம் மிகுதலால் பாரமும் பரவுகின்றது. அன்றியும், பட்டைகள் சேற்றைக் குழைத்துக் களைகளையும் அரிதாளையும் மண்ணுள் அழுத்துகின்றன. நன்கு குழைந்த சேறு, நீர் கீழே விரைந்து இறங்காதவாறு தடுக்கும். கடைமடை உழவனுக்கு இது பெரும் பேறாகும்.

வயலைவிட்டு மேலேறியவுடன் இந்நன்மையே தீமையாக மாறுகின்றது. சேற்றில் பல பட்டைகளின்மீது பரவிய பாரம், கெட்டியான சாலையில் ஓரிரு பட்டைகளின் விளிம்பிலேயே இறங்குகின்றது. வெயிலில் இளகிய தாரை அவ்விளிம்பு உளிபோல் கொத்துகின்றது. வடு சிறிதெனினும், மழைநீர் அதனுள் இறங்கித் தாருக்கும் கல்லுக்குமுள்ள பிணைப்பைத் தளர்த்திவிடும். பின்வரும் வண்டிகள் எஞ்சிய வேலையை முடித்துப் பள்ளமாக்கிவிடும். மழைக்காலத்தில் நீர் நிறைந்த அப்பள்ளத்தின் ஆழத்தை, இருளில் சைக்கிளில் வருபவர் எவ்வாறு அறிவார்?

பனி நாடுகளிலும் இதே வழக்கு உண்டு. உறைந்த ஏரிகளின்மேல் செல்லும் பனிவண்டிகளின் ரப்பர்ப் பட்டையில் உலோக ஆணிகளைப் பதிக்கின்றனர். பனிக்கட்டியில் வண்டி வழுக்காமல் ஓடவும், வேண்டியபோது நிற்கவும் அவை உதவுகின்றன. கல்லும் கான்கிரீட்டும் குறுக்கிட்டாலோ தரையும் கெடும், ஆணியும் தேயும், சில வேளை பட்டையும் கிழியும். ஜப்பானில் செண்டாய் முதலிய நகரங்களில் கார்ச் சக்கரங்களின் ஆணிகள் சாலையைத் தேய்த்தெழுப்பிய தூசு மக்களின் மூச்சைத் தாக்கியதனால், 1990-இல் சட்டமியற்றி அவற்றைக் கட்டுப்படுத்தினர். நார்வேயின் ஆஸ்லோ நகரிலோ, ஆணிச் சக்கரத்திற்குத் தனிக் கட்டணம் வாங்குகின்றனர்.

தமிழ்நாட்டிலும், கூண்டுச் சக்கரத்தோடு தார்ச்சாலையில் ஓட்டலாகாதென அதிகாரிகள் எச்சரிக்கின்றனர், தண்டமும் விதிக்கின்றனர். ஓட்டுநரின் இடர்ப்பாடும் பொய்யன்று. டிராக்டருக்கு வாடகை மணிக்கணக்கில். ஒரு வயலை முடித்துச் சாலைக்கு அப்பாலுள்ள வயலுக்குப் போகவேண்டுமெனில், சேறு படிந்த பாரமான சக்கரங்களைக் கழற்றி, மீண்டும் மாட்டவேண்டும். அந்நேரத்திற்குக் கூலி தருவது யார்? நிலமுடையவர் தரமாட்டார், ஓட்டுநரும் இழக்க விரும்பார். இறுதியில் இழப்பது சாலையே.

நெடுந்தொலைவு செல்லவேண்டின், சக்கரங்களைக் கழற்றி இழுவைப் பெட்டியில் ஏற்றிச் செல்வதே முறை. குறுக்கே கடக்க மட்டுமே வேண்டுமாயின், ஒரே இடத்தில் தடித்த மரப்பலகைகளைப் பரப்பி அவற்றின்மேல் மெல்ல ஓட்டலாம். பலகைகளை எடுத்து வைக்க இருவர் போதும். ஒருவர் பலகையை நகர்த்துகையில் மற்றவர் சாலையின் இருபுறமும் பார்த்து, வரும் வண்டிகளை நிறுத்தவேண்டும்.