புல்வெட்டி அலறுகிறதா? பல்லைக் குறை சொல்லாதீர்கள்!

புல் வெட்டும் மெஷினை மாட்டிக்கொண்டு காலையில் புறப்படுகிறவர் உங்கள் வீட்டில் இருக்கிறாரா? அப்படியானால் இந்தப் பக்கத்தை அவரிடம் கொடுங்கள். அவருக்கு எழுத்து வராவிட்டால் பிள்ளைகள் படித்துக் காட்டட்டும். ஒரு வாஷர் எப்படி ஒரு குடும்பத்தின் கூலியைக் காக்கிறது என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறோம்.

கெடாவில் ரப்பர் மரங்கள் நின்ற இடங்களில் செம்பனை வந்தது. சில தோட்டங்கள் தாமான்களாகவே மாறிவிட்டன. சுங்கைப் பட்டாணி, பீடோங், கூலிம், பாடாங் செராய் பக்கங்களில் அன்று மரம் சீவிய கைகள் சில இன்று புல் வெட்டுகின்றன. பள்ளித் திடல், கோயில் வளாகம், சாலையோரம் என்று கொந்திராக்கு எடுத்துச் செய்கிறார்கள். மெஷின் ஒருநாள் நின்றால் ஒருநாள் கூலி போயிற்று. ஆகவே அந்த மெஷினின் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்வது நமக்குச் சோறு போடும் அறிவு.

கத்தி சுழலும் இடத்துக்கு மேலே சிறிய உலோகத் தலை ஒன்று இருக்கிறதல்லவா? அதற்குள் இரண்டு பல்சக்கரங்கள் உண்டு. இன்ஜினிலிருந்து வரும் தண்டின் முனையில் சிறியது. கத்தியைச் சுழற்றும் தண்டில் பெரியது. இரண்டும் சாய்வாகக் கடித்துக்கொள்கின்றன. சாய்ந்து வரும் சுழற்சியைக் கத்தியின் பக்கம் திருப்பிவிடுவதும், இன்ஜினின் வேகத்தைச் சற்றே குறைத்துக் கத்திக்கு வலுவைக் கூட்டுவதும் இவற்றின் வேலை.

இந்தத் தலை அலறினால் நாம் உடனே என்ன சொல்கிறோம்? “பல் போச்சு, தலையையே மாத்து!” என்கிறோம். பொறுங்கள். பல் நன்றாக இருந்தும் சத்தம் வரலாம். காரணம் இடைவெளி. இரண்டு பற்களுக்கும் நடுவே மயிரிழை அளவு இடம் வேண்டும். அந்த இடத்தில்தான் கிரீஸ் தங்கும். சூட்டில் உலோகம் விரியவும் அந்த இடம்தான் உதவும். இடமே இல்லாமல் இறுகிவிட்டால் தலை சுடும், கிரீஸ் உருகி ஒழுகும், பேரிங் கெடும், இன்ஜினும் திணறும். இடம் அதிகமாகிவிட்டால் பற்களின் நுனி மட்டுமே ஒன்றையொன்று தொடும். கல்லிலோ கட்டையிலோ கத்தி மோதும்போது அந்த நுனி உடைந்து போகும். முதலில் சத்தம், பிறகு செலவு!

இந்த இடைவெளியைச் சரிக்கட்டவே சன்னமான வாஷர்களை வைக்கிறார்கள். பட்டறைக்காரர்கள் இதை ‘ஷிம்’ என்பார்கள். 0.1, 0.2, 0.3 மில்லிமீட்டர் என்று பல கனத்தில் கிடைக்கும். 0.1 மில்லிமீட்டர் என்பது உங்கள் பிள்ளையின் பள்ளிப் புத்தகத்தில் ஒரு தாளின் கனம். அவ்வளவுதான்! சக்கரத்தின் முதுகுப்பக்கம் ஒரு வாஷரைச் சேர்த்தால் சக்கரம் முன்னே நகர்ந்து கடி இறுகும். எடுத்துவிட்டால் பின்னே நகர்ந்து கடி தளரும்.

இனி வேலை முறையைப் பார்ப்போம்.

முதலில் இன்ஜினை நிறுத்தி, நன்றாக ஆறவிட்டு, பிளக்கின் தொப்பியைக் கழற்றி விடுங்கள். இதை மறந்தால் விரல் போகும். கத்தியைப் பிடித்திருக்கும் நட்டு பெரும்பாலும் இடது திருகாக இருக்கும். வழக்கமான பக்கம் திருப்பினால் இறுகுமே தவிர கழலாது, எதிர்ப்பக்கம் திருப்புங்கள்.

தலையைக் குழாயிலிருந்து எடுத்து, உள்ளே இருக்கும் பூட்டு வளையத்தைக் கழற்றுங்கள். வெளியே வருகிற ஒவ்வொன்றையும் பழைய செய்தித்தாள் ஒன்றில் வந்த வரிசையிலேயே அடுக்கி வையுங்கள். வாஷர் ஒன்று பேரிங்கோடு ஒட்டிக்கொண்டு வரும். கவனிக்காமல் துடைத்து எறிந்துவிட்டால் மெஷின் மறுபடி அலறும். சில மெஷின்களில் இந்த வாஷர் இருக்காது. பேரிங்கே சக்கரத்தின் இடத்தைப் பிடித்து வைத்திருக்கும். அத்தகையவற்றில் பேரிங்கை மாற்றுவதே மருந்து.

எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவித் துடையுங்கள். பேரிங்கை விரலால் சுற்றிப் பாருங்கள். மணல் அரைப்பதுபோல் உணர்ந்தால் அதை மாற்றிய பிறகே வாஷரைத் தொடுங்கள். ஆடுகிற பேரிங்கை வைத்துக்கொண்டு இடைவெளியைச் சரிசெய்வது, சேற்றில் தூண் நடுவதுபோல. பல் உடைந்திருந்தால் இரண்டு சக்கரங்களையும் சேர்த்தே மாற்றுங்கள். தேய்ந்ததும் புதியதும் ஒத்துப்போகாது.

பிறகு கிரீஸ் இல்லாமல் பூட்டிப் பாருங்கள். ஒரு தண்டை அசையாமல் பிடித்து, மற்றதை இப்படியும் அப்படியும் மெல்ல அசையுங்கள். ‘டிக்’ என்று மிகச் சிறிய ஆட்டம் தெரிய வேண்டும். ஆட்டமே இல்லையென்றால் இறுக்கம். கடகடவென்று ஆடினால் தளர்ச்சி. ஒவ்வொரு முறையும் 0.1 மட்டும் கூட்டுங்கள் அல்லது குறையுங்கள். முழுச் சுற்றும் சுற்றிப் பாருங்கள். ஓர் இடத்தில் மட்டும் இறுகக் கூடாது.

இன்னும் திருத்தமாகப் பார்க்க வேண்டுமா? வீட்டில் பழைய உதட்டுச் சாயம் இருந்தால் இரண்டு மூன்று பற்களில் மெல்லப் பூசிச் சுற்றுங்கள். சாயம் அழிந்த தடம் பல்லின் நடுவில் விழுந்தால் சரி. நுனியில் மட்டும் விழுந்தால் சக்கரங்கள் விலகி நிற்கின்றன. அடியில் விழுந்தால் மிக நெருங்கிவிட்டன. பார்த்து முடித்ததும் சாயத்தைத் துடைத்துவிட்டு, மெஷினின் கையேட்டில் சொல்லியபடி கிரீஸ் போடுங்கள். தலை நிரம்ப அடைத்தாலும் சூடேறும்.

இந்த நுட்பம் புல்வெட்டிக்கு மட்டும் உரியதல்ல. நம் கெடாவின் குரூணில் மொடனாஸ் தொழிற்சாலை இருக்கிறது. 1996இல் அங்கிருந்து கிரிஸ் மோட்டார் சைக்கிள் வெளிவந்தது. மோட்டார் சைக்கிளின் கியர்ப் பெட்டிக்குள்ளும் சக்கரங்கள் பக்கவாட்டில் நகராமல் இருக்க வாஷர்கள் உண்டு. ஜப்பானில் டோக்கியோ மருய் நிறுவனம் 1991இல் மின்சாரத்தால் இயங்கும் விளையாட்டுத் துப்பாக்கியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அத்தகைய துப்பாக்கிகளின் மூன்று சிறு சக்கரங்களுக்கும் இதே 0.1 மில்லிமீட்டர் கணக்குதான். ஆனால் பெற்றோர்களே, அந்த ஆசையைப் பிள்ளைகளுக்கு வளர்க்காதீர்கள். நம் நாட்டில் 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் போலித் துப்பாக்கிகளையும் கட்டுப்படுத்துகிறது. விளையாட்டு வினையாகிவிடும்.

சக்கரங்களைப் பிரித்துப் பார்க்கும் ஆசை உள்ள பையனோ பெண்ணோ வீட்டில் இருந்தால், ஓடாத புல்வெட்டித் தலை ஒன்றைக் கையில் கொடுங்கள். கைபடிந்த பிறகு, கூலிமில் உள்ள அட்தெக் போன்ற தொழிற்பயிற்சி நிலையங்களைப் பற்றிப் பள்ளி ஆசிரியரிடம் விசாரியுங்கள். சான்றிதழ் உள்ள கைக்கு நல்ல சம்பளம் கேட்க வாயுண்டு.

தம்பிமார்களே, அண்ணன்மார்களே! அடுத்த முறை தலை அலறினால் கடைக்கு ஓடுவதற்கு முன் அதைத் திறந்து பாருங்கள். கழன்று விழும் வாஷர்களைப் போட்டுவைக்க ஒரு பழைய பால்டின் போதும். அந்த டின்னில் கிடக்கும் தாள் கனத் தகடு ஒன்று உங்கள் ஒருநாள் கூலியை மிச்சப்படுத்தும்.