இரண்டு சக்கரமும் மூன்று சக்கரமும்

"வீட்டில்தான் ஒரு புல்லட் இருக்கிறதே, சைடுகார் மாட்டிய இன்னொரு புல்லட் எதற்கு சார்?" சங்கக் கூட்டங்களில் என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. கேட்டவரே தீர்ப்பும் சொல்லிவிடுவார்: "மூன்று சக்கரம் என்றால் விழாது. வயதான காலத்தில் அதுதான் பத்திரம்."

ஜபல்பூரில் பணி ஓய்வு பெற்று, முழங்கால் வலியோடு, மோட்டார் சைக்கிளை விடவும் மனமில்லாத அன்பர்கள் சிலர் இதை நம்பிப் பழைய சைடுகார் தேடத் தொடங்கியிருக்கிறார்கள். ரயில்வேயில் இருப்புப்பாதைப் பிரிவிலேயே காலம் தள்ளியவன் என்ற முறையில், அவர்கள் பணம் கொடுக்கும் முன் சிலவற்றைச் சொல்லிவிட விரும்புகிறேன்.

வளைவில் எந்த வண்டியும் வெளிப்பக்கம் தூக்கி எறியப்படப் பார்க்கும். அதனால்தான் ரயில் பாதையில் வெளித் தண்டவாளத்தை உயர்த்திப் போடுகிறோம். இதைக் 'கேன்ட்' என்போம். அகலப் பாதையில் இது அதிகபட்சம் 165 மில்லிமீட்டர். கணக்குப் போட்டால் ரயில் பெட்டி சுமார் ஐந்தரை டிகிரி உட்பக்கம் சாய்கிறது. மோட்டார் சைக்கிளுக்கு இப்படிச் சாலையைச் சாய்த்துக் கொடுப்பார் இல்லை. ஆகவே வண்டியே சாய்ந்துகொள்கிறது. 20 மீட்டர் ஆரமுள்ள திருப்பத்தில் 30 கிலோமீட்டர் வேகத்தில் போனால் சாய்வு ஏறக்குறைய 20 டிகிரி. நாம் யோசிப்பதேயில்லை. உடம்பு தானாகச் செய்துவிடுகிறது.

சைடுகார் மாட்டிய வண்டியால் சாய முடியாது. மூன்று சக்கரமும் தரையில் நின்றாக வேண்டும். நம் நாட்டில் சைடுகார் இடப்பக்கம் இருக்கும். இடப்பக்கம் வேகமாகத் திரும்பினால் எடை வலப்பக்கம் ஓடி, சைடுகாரின் சக்கரம் தரையை விட்டு எழும்பும். உள்ளே ஆள் இல்லாவிட்டால் இன்னும் சீக்கிரம் எழும்பும். தனியாகப் போகும்போது நான் சைடுகாரில் ஒரு மணல் மூட்டை வைத்துக்கொள்வது இதற்காகத்தான். (கோதுமை மூட்டை என்று எண்ணி விலை கேட்டவர்களும் உண்டு.) வலப்பக்கத் திருப்பத்தில் சைடுகார் முட்டுக் கொடுக்கும், கவலை குறைவு. ஆனால் அங்கும் அளவு மீறினால் பின்சக்கரம் தூக்கும்.

இதைவிட முக்கியமானது ஹேண்டில்பார். இரு சக்கர வண்டி ஓரளவு வேகத்தில் போகும்போது இடப்பக்கம் திரும்ப என்ன செய்கிறோம்? இடக்கைப் பிடியை லேசாக முன்னே தள்ளுகிறோம். முன்சக்கரம் ஒரு கணம் வலப்பக்கம் நோக்கும், உடனே வண்டி இடப்பக்கம் சாயும், சாய்ந்த பக்கம் திரும்பும். நாற்பது வருடம் ஓட்டியவருக்கும் தாம் இப்படிச் செய்வது தெரியாது. அதே கை அதே பழக்கத்தில் சைடுகார் வண்டியின் இடப்பிடியைத் தள்ளினால்? வண்டி சாயாது. முன்சக்கரம் நோக்கிய திசையில், அதாவது வலப்பக்கம், எதிரே வரும் லாரியை நோக்கிப் போகும். சைக்கிள்கூட ஓட்டத் தெரியாதவர் இதைச் சீக்கிரம் கற்றுக்கொள்வார். தேர்ந்த புல்லட்காரருக்குத்தான் ஆபத்து.

இன்னொன்று. எஞ்சின் இழுப்பது பைக்கின் பின்சக்கரத்தை மட்டும். சைடுகார் ஓரமாகத் தொங்கிக்கொண்டு வரும் சுமை. ஆக்சிலேட்டரைத் திருகினால் சுமை பின்தங்கி வண்டி இடப்பக்கம் இழுக்கும். பிரேக் பிடித்தால் சுமை முன்னே ஓடப் பார்த்து வண்டியை வலப்பக்கம் திருப்பும். சைடுகார் சக்கரத்துக்குத் தனி பிரேக் இல்லாத பழைய வண்டிகளில் இது நன்றாகவே தெரியும்.

பொருத்துவதிலும் நுணுக்கம் உண்டு. சைடுகார் சக்கரத்தின் முன்புறம் பைக்கை நோக்கிச் சிறிது உள்வாங்கியிருக்க வேண்டும். பைக் மட்டும் சைடுகாருக்கு எதிர்ப்புறமாக இம்மியளவு சாய்ந்து நிற்க வேண்டும். இரு பக்கமும் நேரான மரச்சட்டம் வைத்து, முன்னும் பின்னும் டேப்பால் அளந்து பார்த்தால் போதும். தவறினால் நேர் சாலையிலும் ஹேண்டில்பாரோடு மல்லுக்கட்ட வேண்டிவரும். கூடுதல் எடைக்காக முன் ஸ்பிராக்கெட்டில் பல் குறைப்பார்கள், அதனால் வேகமும் குறையும். 1975இல் வந்த 'ஷோலே' படத்தில் சைடுகார் கழன்று தனியே ஓடிவிட்டுத் திரும்ப வந்து சேரும். நம் வண்டிக்கு அந்தத் திறமை கிடையாது. நெடுந்தூரம் கிளம்பும் முன் இணைப்பு போல்ட்டுகளை ஸ்பேனர் போட்டுப் பாருங்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், கழற்றக்கூடிய சைடுகார் சேர்ந்த வண்டியையும் மோட்டார் சைக்கிள் என்றே வரையறுக்கிறது. ஆனால் இருக்கிற வண்டியில் புதிதாகப் பொருத்துவது மாற்றம் செய்வதாகும். 52ஆம் பிரிவுப்படி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிவுப் புத்தகத்தில் ஏற்ற வேண்டும், இன்ஷூரன்ஸுக்கும் தெரிவிக்க வேண்டும். முன்பு சைடுகாரில் அமர்பவருக்கு ஹெல்மெட் விலக்கு இருந்தது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் அதை எடுத்துவிட்டது.

இவ்வளவு சொல்லிவிட்டு நீர் ஏன் வைத்திருக்கிறீர் என்பீர்கள். என் துணைவியாருக்கு முழங்காலில் தேய்மானம். பின் சீட்டில் காலைத் தூக்கிப் போட்டு ஏற முடியவில்லை. பேடாகாட் அருவிக்கோ பச்மடி மலைக்கோ அவர் வருவதென்றால் சைடுகார்தான் வழி. "இதுல ஃப்ளாஸ்கை மடியில வச்சுக்கிட்டே வரலாம்" என்கிறார். பின் சீட்டில் 30 வருடம் என் முதுகை மட்டுமே பார்த்து வந்தவருக்கு இப்போது சாலை முழுக்கத் தெரிகிறது. வழியில் எது தாபா, எது வெறும் டீக்கடை என்று முடிவு செய்வது இப்போது அவர்தான்.

தனி புல்லட் எனக்காக. இரும்பு சிலிண்டர், வலப்பக்க கியர், கிளப்பும் முன் அம்மீட்டர் முள்ளைப் பார்த்து உதைக்கும் பழைய 346 சி.சி. திருவொற்றியூரில் செய்த வண்டி. 160 கிலோவுக்கு மேல் எடை. காலையில் நானே அதை மெயின் ஸ்டாண்டில் ஏற்றுகிறேன். யார் துணையுமின்றி ஏற்ற முடியாத நாளில் விற்றுவிடுவதாக வீட்டில் வாக்குக் கொடுத்திருக்கிறேன். மகன் சாட்சி.

ஒரு வண்டியிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் நாளில், சாலைக்குப் போகும் முன் காலனி மைதானத்தில் எட்டுப் போட்டுப் பார்ப்பேன், இரு பக்கமும் பத்துப் பத்துத் தடவை. சைடுகார் வாங்க எண்ணும் அன்பர்கள் ஞாயிறு காலை ஏழு மணிக்கு அங்கே வரலாம், ஓட்டிப் பார்க்கத் தருகிறேன். ஹெல்மெட் உங்களுடையது, மணல் மூட்டை என்னுடையது.