எலியின் சக்கரமும் ஜி.எம். அறையும்

ஓசூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருக்கும் வாசகர் எழுதியிருக்கிறார்: “கம்பெனியில் மோட்டிவேஷன் வகுப்பு வைத்தார்கள். கடைசி நாள் தணல்மேல் நடக்கவிட்டார்கள். ‘இனி உங்கள் மூளையில் பயத்துக்கு இடமில்லை’ என்றார் பயிற்சியாளர். திங்கட்கிழமை ஜி.எம். அறைக்குள் போனால் பழையபடி நாக்கு ஒட்டிக்கொள்கிறது. மூளையில் நிஜமாகவே ஏதாவது மாறுமா சார்?”

தணலை முதலில் அணைத்துவிடுவோம். கரி வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும். நாலு எட்டில் விறுவிறுவென்று கடந்தால் பாதம் பெரும்பாலும் தப்பிக்கும். மன உறுதி இருக்கிறவருக்கும் தப்பிக்கும், இல்லாதவருக்கும் தப்பிக்கும். (நம் அம்மன் கோயில்களில் இதற்குக் காப்புக் கட்டி விரதமாவது இருப்பார்கள்.) இடுப்பில் கைவைத்து, நெஞ்சை நிமிர்த்திச் சற்று நேரம் நின்றால் ஹார்மோன் மாறித் துணிச்சல் வரும் என்பது இன்னொரு வைத்தியம். 2010-இல் வந்த ஆய்வு அது. கூடுதல் ஆட்களை வைத்துத் திரும்பச் செய்துபார்த்தவர்களுக்கு ஹார்மோன் மாற்றம் எதுவும் கிடைக்கவில்லை. 2016-இல் அந்த ஆய்வின் முதல் ஆசிரியரே தனக்கு அதில் நம்பிக்கை போய்விட்டது என்று அறிவித்தார். பயிற்சி வகுப்புகளுக்குத் தகவல் இன்னும் போய்ச்சேர்ந்ததாகத் தெரியவில்லை.

ஆனாலும் மூளையில் ஏதாவது மாறுமா என்பது நல்ல கேள்வி. அதற்கான விடை ஒரு எலிப்பெட்டியில் இருக்கிறது.

கொஞ்சம் வரலாறு சொல்லாமல் நகர முடியாது. 1960-களின் பிற்பாதியில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் என்ற இரண்டு ஆராய்ச்சி மாணவர்கள் நாய்களுக்கு மின்னதிர்ச்சி கொடுத்துப் பார்த்தார்கள். என்ன செய்தாலும் அதிர்ச்சியை நிறுத்த முடியாத நாய்களில் பெரும்பாலானவை, மறுநாள் ஒரு தாண்டு தாண்டினால் தப்பிவிடலாம் என்ற இடத்திலும் படுத்தே கிடந்தன. ‘கற்ற இயலாமை’ என்று பெயர் வைத்தார்கள். அது பாடப்புத்தகத்துக்குள் போனது, அங்கிருந்து சுயமுன்னேற்ற நூல்களுக்குள் போனது, சௌகரியமாக உட்கார்ந்துகொண்டது. வரலாறு போதும்.

பிறகு மேயர் கொலராடோ பல்கலைக்கழகத்தில் மூளைக்குள்ளேயே இறங்கிவிட்டார். அவருடைய ஆய்வகத்து ஏற்பாடு ரொம்ப எளிமையானது. இரண்டு எலிகள், இரண்டு பெட்டிகள். இரண்டின் வாலிலும் மின்கம்பி. ஒரே நொடியில் இரண்டுக்கும் அதிர்ச்சி. முதல் எலிக்கு முன்னால் ஒரு சின்னச் சக்கரம். முன்னங்காலால் அதைச் சுற்றினால் மின்சாரம் நிற்கும், இரண்டு எலிக்கும் சேர்த்தே நிற்கும். இரண்டாவது எலி தலைகீழாக நின்றாலும் ஒன்றும் ஆகாது. பக்கத்துப் பெட்டிக்காரர் சுற்றும்போதுதான் அதற்கு விடுதலை. ஆக, இரண்டும் வாங்கிய அடி நொடிக்கணக்கில்கூட ஒன்றே. ஆனால் மறுநாள் வேறு இடத்தில் வேறு சோதனை வைத்தால், முதல் எலி அடியே படாததுபோல் நடமாடுகிறது. இரண்டாவது ஒடுங்குகிறது, புதிதாக வந்த எலியை மோந்துபார்க்கத் தயங்குகிறது, தப்பிக்க வழி இருந்தாலும் தப்பிக்காமல் இருக்கிறது.

மூளைத்தண்டில் டார்சல் ராஃபே என்றொரு நியூரான் திரள் உண்டு. தப்ப வழியில்லாமல் தொல்லை நீடித்தால் அது செரட்டோனினைக் கொட்டும். கொட்டினால் பயம் கூடும், கைகால் ஓடாது. (செரட்டோனினை ‘மகிழ்ச்சி ரசாயனம்’ என்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்கள் கவனிக்க.) அதாவது முடங்கிக் கிடப்பதை யாரும் கற்றுக்கொள்வதில்லை, அது உடம்போடு வந்த ஏற்பாடு. கற்றுக்கொள்ள வேண்டியது, ‘நான் செய்ததால்தான் நின்றது’ என்பதை. நெற்றிக்குப் பின்னால், முன்மூளைப் புறணியின் உட்பகுதி இதைக் கண்டுகொண்டதும் ராஃபேயை அடக்குகிறது. 2016-இல் மேயரும் செலிக்மனும் சேர்ந்தே, தாங்கள் முன்பு சொன்னது தலைகீழாக இருந்தது என்று எழுதினார்கள். பெயர் வாங்கித் தந்த கோட்பாட்டைத் தாங்களே கவிழ்க்கிறவர்கள் எந்தத் துறையிலும் அபூர்வம்.

அடுப்பில் வைத்த பாலை நினைத்துக்கொள்ளுங்கள். பொங்கு என்று பாலுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம், தீ எரிந்தால் போதும். அடக்கத்தான் ஆள் வேண்டும். முதல் எலி, பால் ஏறுவதைப் பார்த்துக் குமிழைத் திருகியவர். இரண்டாவது எலியின் வீட்டில் சரியாக அதே நேரத்தில் சிலிண்டர் தீர்ந்துபோனது. இரண்டு வீட்டிலும் பால் அடங்கியது. ஆனால் புது சிலிண்டர் வந்த பிறகு எந்த வீட்டு அடுப்புமேடை நனையும்? 2005-இல் மேயர் குழு இன்னும் விஷமமான ஒன்றைச் செய்தது. சக்கரம் உள்ள எலியின் முன்மூளைப் பகுதியை மட்டும் மஸ்கிமால் என்ற மருந்தால் தற்காலிகமாக உறங்கவைத்தார்கள். எலி சக்கரத்தைக் கச்சிதமாகச் சுற்றியது, மின்சாரத்தை நிறுத்தியது, மறுநாள் கையாலாகாத எலியைப் போலவே ஒடுங்கியது. கை குமிழைத் திருகிவிட்டது. வீட்டுக்காரர் தூக்கக் கலக்கத்தில் இருந்ததால் தான் திருகியதே அவருக்குப் பதியவில்லை. பிறகு மறுபக்கமும் பார்த்தார்கள்: சக்கரத்தால் பயனில்லாத எலியில் அதே பகுதியை மருந்தால் தூண்டியபோது, அது எல்லாம் தன் கையில் இருந்ததுபோல் மறுநாள் தெம்பாக இருந்தது. சிலிண்டர் தீர்ந்த வீட்டுக்காரர், நான்தான் அணைத்தேன் என்று நம்பிவிட்டார். கறாராகச் சொன்னால் முன்மூளை குமிழைத் திருகுவதுகூட இல்லை, தீ எரியும்போதே பாலில் ஒரு கை தண்ணீர் தெளிக்கிறது. இதற்குமேல் கொதிக்கவிட்டால் உவமை அடிப்பிடித்துவிடும்.

முன்பே ஒருமுறை சக்கரம் சுற்றி ஜெயித்த எலியைச் சில நாள் கழித்து எதுவும் செய்ய முடியாத அதிர்ச்சியில் விட்டாலும், அது முடங்குவதில்லை. பழைய வெற்றி காப்பாற்றுகிறது. அப்படியானால் தணலில் நடந்தது ஏன் ஜி.எம். அறையில் உதவவில்லை? என் ஊகம் இதுதான்: தணலில் வாசகர் எதையும் நிறுத்தவில்லை, மாற்றவில்லை, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போனார். ஜி.எம். அறையில் அவர் சொல்லி இதுவரை ஏதாவது மாறியிருக்கிறதா என்பதைத்தான் கேட்க வேண்டும்.

எலியில் கண்டதை அப்படியே மனிதன்மேல் ஒட்டக் கூடாது. ஆனால் பக்கத்தில் வரும் சான்றுகள் உண்டு. லண்டனில் பிரிட்டிஷ் அரசு ஊழியர்கள் சுமார் 10,000 பேரை 1985 முதல் தொடர்ந்து கவனித்த ஒயிட்ஹால் ஆய்வில், தன் வேலையைத் தானே தீர்மானிக்கும் வாய்ப்பு குறைவாக இருந்தவர்களுக்கு இதயநோய் அதிகம் வந்தது. டென்ஷன் எல்லாம் பெரிய அதிகாரிக்குத்தான் என்ற நம்பிக்கைக்கு இது பொருந்தவில்லை. காரணம் அதுதான் என்று இத்தகைய ஆய்வு நிரூபிக்காது, சந்தேகப்பட இடம் தரும், அவ்வளவுதான்.

கலிபோர்னியாவின் ஃப்ரீமாண்ட்டில் நடந்தது எனக்கு இன்னும் பிடிக்கும். ஜெனரல் மோட்டார்ஸின் கார் ஆலை அங்கே 1982-இல் மூடப்பட்டது. தொழிலாளர்கள் அடங்காதவர்கள் என்று பெயர். 1984-இல் டொயோட்டாவும் கூட்டுச்சேர்ந்து ‘நூமி’ என்று திறந்தபோது, பெரும்பாலும் அதே ஆட்களைத்தான் எடுத்தார்கள். புதிதாக வந்தது லைன் நெடுகத் தொங்கிய ஒரு கயிறு. ஒரு போல்ட் சரியாக ஏறவில்லையென்றால் யார் வேண்டுமானாலும் இழுக்கலாம். இழுத்ததும் லைன் நின்றுவிடாது; பாட்டு ஒலிக்கும், விளக்கு எரியும், டீம் லீடர் ஓடிவருவார். குறித்த இடத்துக்குள் கோளாறு சரியாகாவிட்டால்தான் லைன் நிற்கும். ஓடிவருகிறவர் திட்டுவதற்கு வரவில்லை என்பதுதான் முழு விஷயமும். கயிற்றைப் பார்த்துக் காப்பியடித்து, இழுத்தவனை முறைத்த ஆலைகளில் கயிறு தூசி படிந்து தொங்கியது. நம் அலுவலகங்களின் ஆலோசனைப் பெட்டிகளும் பெரும்பாலும் அந்தச் சாதிதான்: இரண்டாவது எலியின் சக்கரம்.

ஒன்றை மேடைகளில் யாரும் சொல்வதில்லை. மேலே சொன்ன எலிகள் ஆண் எலிகள். மைக்கேல் பராட்டா குழுவினர் 2018-இல் பெண் எலிகளை வைத்து அதே சோதனையைச் செய்தார்கள். பெண் எலிகளும் சக்கரத்தை அதே திறமையோடு சுற்றின, மின்சாரத்தை நிறுத்தின. ஆனால் மறுநாள் எந்தப் பாதுகாப்பும் இல்லை. அந்த முன்மூளைச் சுற்று விழித்துக்கொள்ளவேயில்லை. பழக்கத்தைக் கவனிக்கும் வேறொரு மூளைப்பகுதியைக் கொண்டு அவை கற்றுக்கொள்வது காரணமாக இருக்கலாம் என்று இப்போது ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். ஆண் எலிகளை மட்டும் நம்பி எழுதிய தலைமைப்பண்பு நூல்கள் அதற்குள் எத்தனையோ பதிப்பு கண்டுவிட்டன.