ஆளில்லாத தளத்தில் பொய்யாக ஒரு கூட்டம்... இன்று தினம் 10 கோடிக்கும் மேற்பட்டோர்! ரெடிட் வளர்ந்த கதை தெரியுமா?

யார் வேண்டுமானாலும் எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசலாம். பிடித்திருந்தால் மேல் அம்பை அழுத்து, பிடிக்காவிட்டால் கீழ் அம்பை அழுத்து! இவ்வளவுதான் ரெடிட். ஆனால் இந்த இரண்டு அம்புகள் திமிங்கிலத்துக்குப் பெயர் வைத்தன, பங்குச் சந்தையை உலுக்கின, ஜனாதிபதியையே வரவழைத்தன. எப்படி? ஒவ்வொன்றாகப் பாருங்கள்!

வந்தது வேறு வேலைக்கு!

ரெடிட்டைத் தொடங்கிய இருவரும் ரெடிட் தொடங்குவதற்காக வரவே இல்லை, தெரியுமா? வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் அறைத்தோழர்கள் ஸ்டீவ் ஹஃப்மனும் அலெக்சிஸ் ஓஹானியனும் 2005-ல் பாஸ்டனுக்குக் கொண்டுபோன யோசனை, செல்போனில் சாப்பாடு ஆர்டர் செய்வது! ஒய் காம்பினேட்டர் என்ற முதலீட்டு நிறுவனத்தின் பால் கிரகாம் முடியாது என்று சொல்லிவிட்டார். மறுநாள் இருவரும் ரயிலில் ஊர் திரும்பிக்கொண்டிருந்தபோது அவரிடமிருந்தே போன்! 'அந்த யோசனை வேண்டாம், நீங்கள் மட்டும் வாருங்கள்' என்பதுதான் செய்தி. பாதி வழியில் இறங்கித் திரும்பினார்கள். கைக்கு வந்த முதலீடு வெறும் 12,000 டாலர்!

அத்தனையும் போலி ஆசாமிகள்!

2005 ஜூனில் தளம் திறந்தாயிற்று. உள்ளே எத்தனை பேர்? கிட்டத்தட்ட யாருமே இல்லை! என்ன செய்தார்கள் தெரியுமா? புதுக் கடையில் சொந்தக்காரர்களை உட்காரவைத்துக் கூட்டம் காட்டுவதுபோல, விதவிதமான போலிப் பெயர்களில் இவர்களே பதிவு போட்டுத் தள்ளினார்கள்! சில மாதங்கள் இப்படியே ஓடின. ஒருநாள் இவர்கள் எதுவும் போடவில்லை. ஆனாலும் தளம் நிரம்பியிருந்தது. நிஜக் கூட்டம் வந்தேவிட்டது!

முதல் கமென்ட்டே புகார்!

இன்று ரெடிட் என்றாலே கமென்ட்தான். ஆனால் முதல் சில மாதங்கள் அந்த வசதியே கிடையாது, நம்புவீர்களா? 2005 டிசம்பரில்தான் வந்தது. சரி, முதன்முதலாக விழுந்த கமென்ட் என்ன? கமென்ட் வசதி வந்ததால் இந்தத் தளம் உருப்படாமல் போகும் என்ற புலம்பல்! 2023 முடிவில் மொத்தக் கமென்ட்டுகள் எவ்வளவு தெரியுமா? 1,600 கோடி!

போரடித்த வகுப்பில் பிறந்த பொம்மை!

பெரிய தலை, இரண்டு கண், உச்சியில் ஆன்டெனா. ரெடிட்டின் சின்னமான 'ஸ்னூ' என்ற வேற்றுக்கிரகவாசியை வரைந்தது எந்த விளம்பர நிறுவனம்? எதுவுமில்லை! மார்க்கெட்டிங் வகுப்பில் போரடித்தபோது ஓஹானியன் நோட்டில் கிறுக்கியது அது!

16 மாதத்தில் விற்பனை!

2006 அக்டோபர் 31. தளத்துக்கு வயது 16 மாதம். வோக், நியூயார்க்கர் இதழ்களை வெளியிடும் காண்டே நாஸ்ட் நிறுவனம் ரெடிட்டை வாங்கியது! விலை 1 கோடியிலிருந்து 2 கோடி டாலருக்குள் என்று செய்தி. விற்றவர்களின் வயது? ஒருவருக்கு 22, இன்னொருவருக்கு 23! அவசரப்பட்டுவிட்டார்களா? அந்தக் கணக்கு பின்னால் வருகிறது!

சாவியைப் பயனாளர் கையில் கொடுத்தார்கள்!

2008-ல் ஒரு கதவு திறந்தது. சொந்தமாக ஒரு பிரிவு, அதாவது 'சப்ரெடிட்', தொடங்க யாருக்கும் அனுமதி! விளைவு? இன்று உயிரோட்டமாக இயங்கும் சப்ரெடிட்கள் மட்டும் 1 லட்சத்துக்கு மேல்! இவற்றைக் கட்டிமேய்க்கும் மாடரேட்டர்கள் 2023 டிசம்பரில் நாளொன்றுக்குச் சராசரியாக 60,000 பேர். மாதச் சம்பளம் எவ்வளவு? ஒரு பைசாகூட இல்லை! ஒரு வேடிக்கையும் கேளுங்கள். 'ட்ரீஸ்', அதாவது 'மரங்கள்', என்ற சப்ரெடிட்டில் பேசுவது கஞ்சாவைப் பற்றி. நிஜமான மரங்களை நேசிப்பவர்கள் எங்கே போவார்கள்? 'மரிவானா என்தூசியாஸ்ட்ஸ்', அதாவது 'கஞ்சா ஆர்வலர்கள்', என்ற சப்ரெடிட்டுக்கு!

எதிராளி தானாகவே விழுந்தார்!

ஒருகாலத்தில் ரெடிட்டைவிடப் பல மடங்கு பெரிய போட்டியாளர் ஒருவர் இருந்தார், தெரியுமா? பெயர் டிக்! 2010 ஆகஸ்டில் டிக் தன் தளத்தைத் தலைகீழாக மாற்றியமைத்தது. பயனாளர்கள் கொதித்தார்கள். டிக்கை விட்டு வெளியேற ஒரு நாளே குறித்தார்கள்! மூட்டை கட்டியவர்கள் போய் இறங்கிய இடம் ரெடிட். 2011 தொடக்கத்தில் ரெடிட்டின் பக்கங்கள் ஒரே மாதத்தில் 100 கோடி முறை பார்க்கப்பட்டன! அப்போது அங்கிருந்த இன்ஜினீயர்களை ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம்! டிக்? 2012-ல் சுமார் 5 லட்சம் டாலருக்குக் கைமாறியதாகச் செய்தி!

திமிங்கிலத்துக்கு இப்படியும் ஒரு பெயரா?

2007-ல் திமிங்கில வேட்டைக்கு எதிரான பிரசாரத்தில் கிரீன்பீஸ் அமைப்பு ஒரு கூனல்முதுகுத் திமிங்கிலத்துக்குப் பெயர் வைக்க இணையத்தில் வாக்கெடுப்பு நடத்தியது. பட்டியலில் கம்பீரமான பெயர்கள் ஏராளம். ஜெயித்தது எது? 'மிஸ்டர் ஸ்பிளாஷி பேன்ட்ஸ்'! ரெடிட்வாசிகள் படையெடுத்து வந்து குத்திய குத்தில் அதற்கு 78 சதவீத வாக்கு! திகைத்துப்போன கிரீன்பீஸ் கெடுவை நீட்டித்துப் பார்த்தது. அதற்கும் சேர்த்து வாக்குகள் குவிந்தன! அந்த டிசம்பரில் பல நாடுகளின் நெருக்கடிக்குப் பிறகு, அவ்வகைத் திமிங்கிலங்களைப் பிடிக்கும் திட்டத்தை ஜப்பான் நிறுத்திவைத்தது. ஓஹானியன் இந்தக் கதையை மேடையேறிச் சொன்னது எங்கே தெரியுமா? 2009-ல் நம் பக்கத்து மைசூரில், டெட் இந்தியா மாநாட்டில்!

கமென்ட் எழுதினார், ஹாலிவுட் வந்தது!

இன்றைய அமெரிக்க ராணுவப் படை ஒன்று பழைய ரோமாபுரிக்குப் போனால் ஜெயிக்குமா? 2011-ல் ரெடிட்டில் யாரோ கேட்ட கேள்வி இது. ஒருவர் பதிலைக் கதையாகவே எழுத ஆரம்பித்தார். மக்கள் 'அப்புறம்? அப்புறம்?' என்று விடவில்லை. சில வாரங்களில் அதன் படமாக்கும் உரிமையை வாங்கியது யார்? வார்னர் பிரதர்ஸ்!

ஒபாமா வந்தார், சர்வர் திணறியது!

'என்னிடம் எதையும் கேளுங்கள்' என்பது ரெடிட்டின் புகழ்பெற்ற கேள்வி-பதில். 2012 ஆகஸ்ட் 29 அன்று முன்னறிவிப்பே இல்லாமல் அங்கே வந்து உட்கார்ந்தவர் யார்? அப்போது பதவியில் இருந்த அமெரிக்க ஜனாதிபதி பராக் ஒபாமா! சுமார் அரை மணி நேரம் இருந்தார், 10 கேள்விக்குப் பதில் சொன்னார். அதற்கே கூட்டம் தாங்காமல் தளம் தள்ளாடியது!

ஒரு பொத்தான், 10 லட்சம் அழுத்தல்!

2015 ஏப்ரல் 1. திரையில் ஒரு பொத்தான், பக்கத்தில் 60 விநாடிக் கடிகாரம். யாராவது அழுத்தினால் கடிகாரம் மறுபடி 60-க்குப் போகும். ஒருவருக்கு ஒரே ஒரு வாய்ப்பு. எதற்காக அழுத்த வேண்டும்? யாருக்கும் தெரியாது! ஆனாலும் 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அழுத்தினார்கள்! அழுத்தவே மாட்டோம் என்று ஒரு கூட்டம் தனிச் சங்கமே சேர்ந்தது! கடிகாரம் பூஜ்யத்தைத் தொட்டது எப்போது? ஜூன் 5-ல்!

புள்ளி புள்ளியாக ஒரு போர்!

2017 ஏப்ரலில் இன்னொரு விளையாட்டு. 1,000-க்கு 1,000 என்று 10 லட்சம் கட்டங்கள் கொண்ட வெற்றுப் பலகை. ஒரு புள்ளி வைத்தால் சில நிமிடம் காத்திருந்துதான் அடுத்த புள்ளி! தனியாளாக என்ன வரைய முடியும்? அதனால் அணிசேர்ந்தார்கள், கொடி வரைந்தார்கள், எல்லைக்குச் சண்டை போட்டார்கள்! 72 மணி நேரத்தில் விழுந்த புள்ளிகள் சுமார் 1.6 கோடி! 2022-ல் மறுபடி நடந்தபோது? 1 கோடிக்கும் மேற்பட்டோர், 16 கோடிப் புள்ளிகள்! கடைசியில் வெள்ளை நிறம் மட்டுமே வைக்க முடியும் என்று ஆக்கிவிட்டார்கள். வரைந்தவர்களே மொத்தத்தையும் அழித்து முடித்தார்கள்!

வால் ஸ்ட்ரீட்டுக்கு வைத்த வேட்டு!

கேம்ஸ்டாப், வீடியோ கேம் விற்கும் நலிந்துபோன கடைத்தொடர். அதன் பங்கு விழும் என்று பெரிய முதலைகள் பந்தயம் கட்டியிருந்தன. 'வால்ஸ்ட்ரீட்பெட்ஸ்' என்ற சப்ரெடிட்டில் கூடிய சில்லறை முதலீட்டாளர்கள் என்ன செய்தார்கள்? வாங்கிக் குவித்தார்கள்! 2021 ஜனவரித் தொடக்கத்தில் 20 டாலருக்கும் கீழே இருந்த பங்கு, 28-ம் தேதி 483 டாலரைத் தொட்டது! மெல்வின் கேபிடல் என்ற பெரிய முதலீட்டு நிதி அந்த ஒரே மாதத்தில் பாதிக்கு மேல் இழந்தது! அடுத்த வாரமே அமெரிக்கக் கால்பந்தின் சூப்பர் பௌல் போட்டியில் ரெடிட்டின் விளம்பரம். எத்தனை விநாடி? ஐந்தே ஐந்து!

பை நாளில் 314 நிமிடம்!

கணித ஆர்வலர்களே, இதைக் கேளுங்கள்! 3.14 என்ற எண்ணை நினைவூட்டும் மார்ச் 14-ஐ 'பை' தினமாகக் கொண்டாடுவார்கள் அல்லவா? 2023-ல் அதே நாளில் ரெடிட் படுத்துவிட்டது. எத்தனை நிமிடம்? சரியாக 314! காரணம் என்ன? மென்பொருளைப் புதுப்பித்தபோது பழைய பெயர்ச்சீட்டு ஒன்று காணாமல் போனதுதான்!

எட்டு நாள் தலைவர்!

2014-ல் ரெடிட்டுக்கு ஒருவர் எட்டே நாள் தலைவராக இருந்தார். யார் தெரியுமா? பின்னாளில் சாட்ஜிபிடியால் உலகப் புகழ்பெற்ற சாம் ஆல்ட்மன்! 2005-ல் ஒய் காம்பினேட்டர் தேர்ந்தெடுத்த முதல் எட்டு நிறுவனங்களில் ரெடிட் ஒன்று, ஆல்ட்மனின் லூப்ட் இன்னொன்று! இடையில் ரெடிட்டை விட்டுப் போயிருந்த ஹஃப்மன் 2015-ல் திரும்பி வந்து தலைமை நாற்காலியில் உட்கார்ந்தார்!

கூட்டமே கதவைச் சாத்தியது!

ரெடிட்டைப் பார்க்க உதவும் வெளிச் செயலிகளுக்கு 2023-ல் ரெடிட் பெரும் கட்டணத்தை அறிவித்தது. மாடரேட்டர்கள் என்ன செய்தார்கள்? ஜூனில் 7,000-க்கும் மேற்பட்ட சப்ரெடிட்களை இழுத்துப் பூட்டினார்கள்! ஆனால் நிறுவனம் பின்வாங்கவில்லை. பலருக்குப் பிடித்த அப்பல்லோ செயலி அந்த மாதத்தோடு மூடப்பட்டது!

300 மடங்குக்கு மேல்!

பாக்கி வைத்த கணக்கு இதோ! 2024 மார்ச் 21 அன்று ரெடிட் நியூயார்க் பங்குச் சந்தைக்கு வந்தது. பங்கு விலை 34 டாலர். மொத்த மதிப்பு? 640 கோடி டாலர்! 2006-ல் கிடைத்த விலையை 2 கோடி என்றே வைத்துக்கொண்டாலும் 320 மடங்கு! முதல் நாளே பங்கு 50 டாலரைத் தாண்டியது. இத்தனைக்கும் முந்தைய ஆண்டில் 9 கோடி டாலர் நஷ்டம்! பயனாளர்களும் மாடரேட்டர்களும் அதே 34 டாலருக்கு வாங்கிக்கொள்ளப் பங்குகளில் ஒரு பகுதியையும் ஒதுக்கினார்கள். 2024 முடிவில் தினமும் வருவோர் 10 கோடியைத் தாண்டினார்கள்!

அரட்டைக்கு என்ன விலை?

கடைசியாக ஒன்று! சமையல் சந்தேகம் முதல் காதல் தோல்வி வரை மக்கள் அங்கே கொட்டிவைத்த பேச்சு இன்று செயற்கை நுண்ணறிவுக்குப் பாடப்புத்தகம், தெரியுமா? அதைப் பயன்படுத்திக்கொள்ள கூகுள் ஆண்டுக்குச் சுமார் 6 கோடி டாலர் தருவதாக 2024 பிப்ரவரியில் செய்தி வந்தது. அந்தப் பேச்சையெல்லாம் உட்கார்ந்து எழுதிய கோடிக்கணக்கானவர்களுக்கு அந்த ஒப்பந்தத்தில் எவ்வளவு? பூஜ்யம்!