கிராணியாரின் மோரிஸ் மைனர்

தோட்டத்துச் செம்மண் சாலையில் மோரிஸ் மைனர் காடி வந்தால், ‘பெரிய கிராணி வருகிறார்’ என்று லயத்துப் பிள்ளைகள் ஓடிய காலம் ஒன்றிருந்தது. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த இந்தக் காடி 1948இல் லண்டன் கண்காட்சியில் அறிமுகமானது. பழைய காடிகளில் மினுக்கும் விளக்கு கிடையாது. திரும்பும் பக்கம் கதவருகே ஒரு சிறு கை நீளும். அது சிக்கிக்கொண்டால் ஓட்டுபவர் தம் கையையே நீட்டிவிடுவார்!

பேட்டரி இறங்கிவிட்டதா? இரும்புக் கைப்பிடியை முன்னால் செருகிச் சுற்றலாம். பெட்ரோல் பம்ப் ‘டிக் டிக்’ என்று அடிப்பது நின்றுவிட்டதா? ஸ்பேனரால் மெல்ல ஒரு தட்டு. பெரும்பாலும் உயிர் வந்துவிடும்.

ஆனால், முன் சக்கரத்தைத் தாங்கும் மூட்டு விஷயத்தில் மட்டும் அலட்சியம் கூடாது. அதற்குத் தவறாமல் கிரீஸ் அடிக்க வேண்டும். புழுதியும் சேறும் ஏறி, கிரீஸ் வற்றினால் மரை தேயும். பிறகு ஒருநாள் மூட்டு கழன்று, சக்கரம் மடங்கி, காடி நடுச்சாலையில் சாய்ந்துவிடும். நள்ளிரவில் பிரசவ வலி எடுத்தவளை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போக அந்த ஒரு காடியையே நம்பியிருந்த தோட்டங்களும் உண்டல்லவா? வீட்டம்மா எவ்வளவு திட்டினாலும், ஞாயிற்றுக்கிழமைகளில் கிராணியார் கிரீஸ் துப்பாக்கியும் கையுமாகக் காடிக்கு அடியிலேயே கிடந்தது அதனால்தான்.